ஹார்பினில் போன் அணைந்த மாலை

சரியாக மாலை ஐந்தேகாலுக்கு என் போன் அணைந்தது. பேட்டரி 41 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. சீனாவின் ஹார்பின் நகரத்து ஐஸ் விழாவில், ஐஸால் கட்டிய ஒரு கோபுரத்தைப் படம் எடுக்கக் கையுறையைக் கழற்றி, இரண்டு படம் எடுத்து, மூன்றாவதற்கு விரலை வைத்தேன். திரை கறுத்துவிட்டது. அப்போது மைனஸ் 23 டிகிரி. கணவரும் பையனும் பெரிய ஐஸ் சறுக்கின் வரிசையில் எங்கோ நின்றார்கள். நானும் அத்தையும் கோபுரத்தடியில். எங்கே சந்திப்பது என்று பேசி வைக்கவே இல்லை. அதற்குத்தான் போன் இருக்கிறதே என்ற நினைப்பு.

சீனாவில் பர்ஸ், மொழிபெயர்ப்பாளர், டாக்ஸி, வரைபடம் எல்லாமே போனுக்குள்தான். பையிலிருந்த பவர் பேங்க்கைச் சொருகினேன். அதுவும் அசையவில்லை. மதியத்திலிருந்து முதுகுப்பையின் வெளிப்பக்கத்தில் கிடந்து விறைத்திருந்தது. தேநீர் வாங்கிக் குடிக்கக்கூட வழியில்லை என்று நான் புலம்ப, அத்தை ஸ்வெட்டருக்குள் கையைவிட்டுத் தன் சுருக்குப்பையை எடுத்தார். "ஏம்மா, என்கிட்ட நூறு ரூபா நோட்டு ஒண்ணு இருக்கே?" நூறு யுவான். பெய்ஜிங்கிற்கு அவர் வந்த முதல் நாள் செலவுக்குக் கொடுத்தது. யாரும் நோட்டு வாங்காத ஊரில் இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று நாங்கள் கேலி செய்த அதே நோட்டு.

கடைக்காரப் பெண்மணி அதை ஒரு கணம் திருப்பிப் பார்த்துவிட்டு, சில்லறைக்கு இரண்டு கடை தள்ளி ஓடிப்போய் வந்தார். இரண்டு கோப்பை சூடான சோயா பால் வாங்கிக்கொண்டு ஹீட்டர் போட்ட கூடத்துக்குள் போய் உட்கார்ந்தோம். போனை ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு அணைத்து வைத்தேன். கால் மணி நேரத்தில் உயிர் வந்தது, 36 சதவீதம். சார்ஜ் எங்கும் போகவில்லை. லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை கடும் குளிரில் மந்தமாகிவிடும். கேட்ட வேகத்தில் மின்சாரம் தர முடியாமல் மின்னழுத்தம் சரியும், போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உடம்புச் சூடு பட்டால் திரும்பிவிடும். ஆனால் விறைத்த போனை அப்படியே சார்ஜில் போடக் கூடாது, பேட்டரி கெட்டுப்போகும். முதலில் சூடேற வேண்டும்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சில ஏற்பாடுகள். போனும் பவர் பேங்க்கும் உள்சட்டைப் பையில், உடம்பை ஒட்டி. ஆளுக்கு நூறு யுவான் நோட்டாக. ஹோட்டல் முகவரி சீன எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில். பிரிந்து போவதாக இருந்தால் ஒரு இடம், ஒரு நேரம்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். கணவரின் வேலைக்காக நாங்கள் பெய்ஜிங்கில் இருந்த காலம் அது. 2025 ஜனவரி இரண்டாவது வாரம் அத்தையையும் ஒன்பது வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு ரயிலில் ஹார்பின் போனோம். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம்தான். ஹார்பின், வடகிழக்கு மூலையில் ரஷ்ய எல்லைப் பக்கம் இருக்கும் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைநகரம். ஊருக்கு நடுவே ஓடும் சொங்குவா ஆறு குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும். அந்த ஆற்றை அறுத்துத்தான் இந்த ஐஸ் நகரத்தைக் கட்டுகிறார்கள்.

ஹார்பினில் ஐஸ் விளக்கு செய்யும் வழக்கம் பழையது. வாளித் தண்ணீரை வெளியே வைத்து, ஓரம் உறைந்ததும் நடுவில் உறையாமல் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்தக் குழிக்குள் மெழுகுவத்தி வைப்பார்கள். காற்றில் அணையாத விளக்கு. 1963-இல் ஜாவ்லின் பூங்காவில் இந்த விளக்குகளை வரிசையாக வைத்துக் கண்காட்சி தொடங்கினார்கள். மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய், பிறகு மீண்டது. 1985 முதல் ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கும் பெரிய விழாவாக நடக்கிறது. ஆற்றின் வடகரையில் இருக்கும் 'ஐஸ் அண்ட் ஸ்னோ வேர்ல்ட்' 1999-இல் வந்தது. நாங்கள் போன பருவத்தில் அதன் பரப்பு பத்து லட்சம் சதுர மீட்டர், பயன்படுத்திய ஐஸும் வெண்பனியும் மூன்று லட்சம் கன மீட்டர் என்று அறிவித்திருந்தார்கள். அப்போது நுழைவுச்சீட்டு ஒருவருக்கு 328 யுவான். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே எடுத்துவிட்டோம். பிப்ரவரியில் அங்கே ஆசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடக்கவிருந்ததால் பின்பின், நீனீ என்ற இரண்டு புலிக்குட்டிச் சின்னங்கள் திரும்பிய பக்கமெல்லாம் நின்றன. பையனுக்கு அரண்மனைகளைவிட அந்தப் புலிகள்தான் பிடித்தன.

தமிழில் ஒரு சங்கடம். காலையில் புல்லில் நிற்பதும் பனி, மூட்டமாக வருவதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. அங்கே போனால் வித்தியாசம் காலுக்குத் தெரிந்துவிடும். வெண்பனி மிதித்தால் 'நறுக்' என்று பிடிமானம் கொடுக்கும். ஐஸ் அப்படியில்லை, உங்களைக் கீழே தள்ளப் பார்க்கும், கூடவே பாதத்துச் சூட்டையும் உறிஞ்சும்.

போவதற்கு முன் எல்லோரும் எங்களைப் பயமுறுத்தியது குளிர் காற்றைப் பற்றித்தான். கோட்டுக்குச் செலவழித்தோம், குல்லாவுக்குச் செலவழித்தோம். கோட்டு முழங்காலுக்குக் கீழே வரை வந்தது. உடம்பு குளிரவே இல்லை. முதலில் தோற்றது பாதம். ஒரு ஜோடிக்கு மேல் இன்னொரு ஜோடி பருத்திக் காலுறை போட்டு, பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டு போயிருந்தேன். அதைவிட முட்டாள்தனம் வேறில்லை. இறுக்கமான பூட்ஸில் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கும் இடமிருக்காது. பருத்தி வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். நாற்பது நிமிடத்தில் கால் கட்டைவிரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மறுநாள் ஒரு அளவு பெரிய, அடிப்பாகம் தடித்த பூட்ஸ் வாங்கினேன். உள்ளே கம்பளி மெத்தை, ஒரே ஒரு கம்பளிக் காலுறை. அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்றைக் கடைக்காரர்களைப் பார்த்துக் கற்றேன். எனக்குச் சோயா பால் கொடுத்த பெண்மணியின் காலடியில் ஒரு தெர்மோகோல் பலகை கிடந்தது. அடுத்த கடையில் மரப்பலகை. நாள் முழுக்க நிற்கிறவர்கள் ஒருவர்கூட வெறும் ஐஸில் நிற்கவில்லை. நாங்களும் மறுநாள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். வரிசையில் நிற்கும்போது அதை விரித்து மேலே ஏறி நின்றால் உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது. பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பொட்டலங்கள் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். நுவான்பாவ்பாவ் என்பார்கள், 'சூட்டுக் குழந்தை' என்று அர்த்தம். உள்ளே இருப்பது இரும்புத்தூள். காற்றுப் பட்டதும் வேகமாகத் துருப்பிடிக்கும், அந்தத் துருவேறலில்தான் சூடு பிறக்கிறது. காற்றில்லாத பூட்ஸுக்குள் சாதாரணப் பொட்டலம் சரியாக வேலை செய்யாது, காலுக்கென்று தனியாக விற்பதை வாங்க வேண்டும். தோலில் நேரடியாக ஒட்டவே கூடாது. பல மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் தெரியாமலே தோல் வெந்துவிடும். உள்சட்டைக்கு மேல், இடுப்புக்குச் சற்று மேலே ஒன்று ஒட்டினால் போதும். முதுகுவலிக்கு இது நல்ல வைத்தியம் என்று கண்டுபிடித்து அத்தை ஒரு டஜன் வாங்கி வந்தார்.

அத்தைக்குத் தொந்தரவு கொடுத்தது மூக்குத்தி. தோலைத் துளைத்து நிற்கும் உலோகம் குளிரை நேராக உள்ளே கடத்தியது. முதல் பத்து நிமிடத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழற்ற மனம் வரவில்லை, கம்பளித் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு சமாளித்தார். என் மூக்குக்கண்ணாடியின் உலோகக் காதும் அப்படித்தான். தோடு, வளையம், உலோகச் சட்டம் எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுப் போவது நல்லது.

குளிரைவிட நம்மை ஏமாற்றுவது கட்டடங்களுக்குள் இருக்கும் சூடு. ஊர் முழுக்க உள்ளே இருபது டிகிரிக்கு மேல்தான். ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் ஐந்தடுக்கு உடுப்போடு நின்றால் பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். அந்த ஈரத்தோடு மைனஸ் 23-க்குள் இறங்கினால் என்ன ஆகும்? முதல் நாள் பையன் அழுதது குளிரால் இல்லை, வேர்வையால். அதன் பிறகு ரயிலில் ஏறும் முன்பே கோட்டைத் திறந்து, குல்லாவைக் கழற்றிவிடுவோம். வெளிவாசல் வரும்போதுதான் மூடுவோம். கேமரா கொண்டுபோகிறவர்களுக்கு இதன் மறுபக்கம்: குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸின் மேல், சில சமயம் உள்ளேயும், நீர் படியும். வெளியே இருக்கும்போதே அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடி, அறைக்குள் வந்து அரைமணி கழித்துத் திறக்க வேண்டும்.

நேரக் கணக்கும் முக்கியம். சீனா முழுமைக்கும் ஒரே கடிகாரம். ஹார்பின் கிழக்குக் கோடியில் இருப்பதால் ஜனவரியில் நாலு மணி வாக்கிலேயே சூரியன் விழுந்துவிடும். நாங்கள் இரண்டரைக்கு உள்ளே போனோம், அது நல்ல நேரம். வெளிச்சத்தில் ஐஸ் கண்ணாடி மாதிரி, லேசான நீலத்தில் இருக்கும். சூரியன் இறங்கி வானம் கருநீலமாகும் அந்த அரைமணிதான் படமெடுக்க ஏற்றது. முழு இருட்டில் விளக்குகளின் வண்ணம் மட்டும் மிஞ்சும், கோபுரத்தின் உருவம் கரைந்துபோகும். ஐஸில் சாயம் கலக்கவில்லை, பாளங்களுக்கு இடையே எல்இடி விளக்குகளைப் பதித்திருக்கிறார்கள். படமெடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் உங்கள் மூச்சே புகையாக லென்ஸின் முன்னால் நிற்கும்.

எனக்கு மொத்தப் பயணத்திலும் மறக்காதது ஒரு சிற்பிதான். பெரிய கோட்டைகளை விட்டு ஒதுங்கி, ஆளுயரப் பாளங்களைச் செதுக்கிக்கொண்டிருந்த ஒரு வரிசை. அவர் ஒரு கொக்கு செய்துகொண்டிருந்தார். அகலமான, நீண்ட கைப்பிடி வைத்த உளி. தட்டவில்லை, தள்ளிச் சீவினார். ஒவ்வொரு தள்ளலுக்கும் தேங்காய்த் துருவல் மாதிரி ஐஸ் உதிர்ந்தது. கழுத்தின் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. நான் 'ஐயோ' என்றேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் வெண்பனியை அள்ளி, குடுவையிலிருந்து தண்ணீர் விட்டுக் கூழாகப் பிசைந்து, உடைந்த இடத்தில் அப்பி, சில்லை வைத்து அழுத்திப் பிடித்தார். மெதுவாகப் பத்து எண்ணும் நேரம்தான். கையை எடுத்தார், கழுத்து நின்றது. அந்தக் குளிரில் தண்ணீர்தான் பசை. அந்த ஊரின் சுவர்கள் எல்லாமே அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பக்கத்தில் கிடந்த பாளத்தின் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன், இந்தப் பக்கம் விரல்கள் தெரிந்தன. வீட்டு பிரீசரில் ஐஸ் நடுவில் வெள்ளையாக மங்கியிருக்குமே, இது அப்படி இல்லை. தட்டில் உள்ள தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால் கரைந்திருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் நடுவில் குமிழியாகச் சிக்கிக்கொள்கிறது. ஆறு மேலிருந்து கீழாக, மெதுவாக உறையும். காற்றையும் அழுக்கையும் கீழே தள்ளிக்கொண்டே போகும். டிசம்பர் தொடக்கத்தில் ஐஸ் ஒரு அடித் தடிமன் ஆனதும் அறுக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே கட்டுமானத்தைத் தொடங்கிவிட, முந்தைய குளிர்காலத்துப் பாளங்களை வெயில் படாமல் போர்த்திக் கோடை முழுக்கச் சேமித்தும் வைக்கிறார்கள்.

கணவரும் பையனும் இரண்டு மணி நேரம் நின்று 521 மீட்டர் சறுக்கில் வந்து சேர்ந்தார்கள். மாலையில் எல்லோரும் வரும் நேரத்தில் போய் நின்றது எங்கள் தவறு. சறுக்க ஆசையிருந்தால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பையன் ஆனந்தமாக வந்தான். ஆனால் அவன் இடது கன்னத்தில் பத்துக்காசு அளவில் மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. "வலிக்குதாடா?" என்றால் "இல்லம்மா, ஒண்ணுமே தெரியல" என்றான். பயப்பட வேண்டியது அந்த 'ஒண்ணுமே தெரியல'வுக்குத்தான். வலிக்கிற வரைக்கும் தோல் உயிரோடிருக்கிறது. வலி போய் வெளுத்தால் உறையத் தொடங்குகிறது. தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். ஹீட்டரின் முன் காட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கூடத்துக்குள் கூட்டிப்போய் என் வெறும் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து அழுத்தாமல் பிடித்திருந்தேன். சில நிமிடங்களில் சிவந்து, சுள்ளென்று எரிகிறது என்று அழுதான். நிம்மதியாக இருந்தது. நிறம் திரும்பாமலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அதன் பிறகு நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, யாருக்கும் குளிராவிட்டாலும், உள்ளே போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். முகக்கவசம் மூச்சு ஈரத்தில் உறைந்து அட்டையாகிவிடும், மாற்றுக்கு இரண்டு வேண்டும். கழிப்பறைக்கும் அந்த இடைவேளைகளிலேயே போய்விடுவது நல்லது. ஐந்தடுக்கு உடுப்போடு 'அவசரம்' என்று ஒரு குழந்தை சொன்னால் என்ன ஆகும் என்பதை விவரிக்க விரும்பவில்லை.

சாப்பாட்டில் அத்தை சைவம் என்பதுதான் கவலை. வடகிழக்குச் சீனத்தில் 'தீ சான் ஷியான்' என்று ஒன்று இருக்கிறது: உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் எண்ணெயில் வறுத்துச் சாஸில் புரட்டுவது. அசைவச் சாறு சேர்க்காமல் கேட்டு வாங்கி, நான்கு வேளையும் சோற்றோடு அதையே சாப்பிட்டார். பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிக்கொள்ள எங்கும் வசதி உண்டு. சாதாரணத் தண்ணீர் பாட்டில் ஒரு மணி நேரத்தில் கட்டியாகிவிட்டது. ஜோங்யாங் வீதியில் அந்தக் குளிரிலும் தெருவில் நின்று பால் ஐஸ் குச்சி சாப்பிடுகிறார்கள். 1906-இல் தொடங்கிய மாதியேர் ஹோட்டலின் பெயரில் விற்பது. பையன் சாப்பிட்டான். உருகி ஒழுகாத ஐஸ் குச்சியை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை காசு கொடுக்காமலே உறைந்த ஆற்றின் மேல் நடந்தோம். கால் முழுவதையும் பதித்து, சிறு சிறு அடியாக, பென்குயின் மாதிரி. கை பாக்கெட்டில் இருந்தால் விழும்போது ஊன்ற முடியாது என்பதால் வெளியே. அத்தை எங்களைவிட நிதானமாக நடந்தார், ஒருமுறைகூட விழவில்லை. மதியம் சூரியத் தீவில் வெண்பனிச் சிற்பங்கள் பார்த்தோம். ஐஸை இரவிலும் வெண்பனியைப் பகலிலும் பார்க்க வேண்டும். வெண்பனிக்கு உயிர் வருவது நிழல்களால்தான்.

எப்போது போவது என்று கேட்டால் என் பதில் ஜனவரி 5-க்குப் பிறகு, சீனப் புத்தாண்டுக்கு முன். எல்லாச் சிற்பமும் முடிந்திருக்கும், விளிம்புகள் கூர்மையாக இருக்கும். உருகாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் ஐஸ் நேரடியாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், வாரம் போகப்போகக் கொக்கின் அலகு மழுங்கும். பிப்ரவரி கடைசியில் போன ஒரு நண்பர் காட்டிய படங்களில் தூசி படிந்த மொட்டைக் கோபுரங்கள்தான் இருந்தன.

பெய்ஜிங் திரும்பியதும் பையன் வாளி விளக்கு செய்தே தீருவேன் என்றான். இரவு மைனஸ் 9. பால்கனியில் ஒரு வாளித் தண்ணீரை வைத்தோம். காலையில் மேலே தடித்த மூடி, ஓரமெல்லாம் இரண்டு விரல் கனத்துக்குச் சுவர். வாளியின் வெளிப்பக்கம் வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் மெல்லிசாக இருந்ததால் ஒரு குத்துக்கு உடைந்து, உள்ளே இருந்த தண்ணீர் கொட்டியது. அத்தை உள்ளே ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். நன்றாகத்தான் எரிந்தது, இருபது நிமிடம். வீட்டுச் சுவரை ஒட்டி வைத்திருந்த பக்கம் மட்டும் சரியாக உறையாமல் மெலிந்திருந்தது. அங்கே ஓட்டை விழுந்து காற்று புகுந்துவிட்டது. அடுத்த வாளியைப் பையன் பால்கனியின் நடுவில் வைத்தான்.